குளத்தோடு போனவர்

குதிரைமுட்டி அணையின் குளம் செவ்வாய்க்கிழமைகளில் வெளியே போய்விடும். திங்கள் மாலையே படகுகளைக் கரையேற்றிக் கட்டிவிடுவோம். செவ்வாய் விடிந்ததும் நான் சைரனை ஒலிக்கவிடுவேன். கீழே ஆற்றில் துணி துவைப்பவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுவார்கள். குளம் ஷட்டர் வழியாக மெல்ல இறங்கி, ஆற்றோடு கிழக்கே போகும். கடலைப் பார்த்துவிட்டு, புதன் காலை முதல் பேருந்து மலையேறும் நேரத்தில் திரும்பி வந்து தன் இடத்தில் படுத்துக்கொள்ளும்.

சின்ன அணைதான். அடிவாரத்து ஊர்களில் விளக்கெரியும் அளவுக்குத்தான் இங்கே மின்சாரம் எடுப்பார்கள். செவ்வாயன்று அந்த ஊர்களில் மின்சாரம் இருக்காது. திங்களன்றே மாவரைத்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்துக்கொள்வார்கள்.

பவர் ஹவுஸுக்குத் தண்ணீர் விடுவது சாயங்காலத்திலிருந்து விடியும்வரை. விடும் முன் சைரன் ஒலிக்க வேண்டும். அதனால் என் வேலை இரவில். என் கணவர் சிவனணைந்தான் குளத்தின் லைஃப் கார்டு. படகு ஓட்ட வருகிறவர்களும் குளிக்க வருகிறவர்களும் மூழ்கிவிடாமல், உயரமான நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவர் வேலை பகலில். அவர் வீட்டுக்குத் திரும்பும்போது நான் கிளம்புவேன். அணையின் மேலிருக்கும் நடைபாதையில் எதிரெதிரே சந்திப்போம்.

"குழம்பு அடுப்புல இருக்கு" என்பேன்.

"சரி. குளிருது, போர்வை எடுத்தியா?" என்பார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான். ஆனால் செவ்வாயன்று குளம் இல்லாததால் இருவருக்கும் விடுமுறை. சோற்றைக் கட்டிக்கொண்டு குளத்தின் தரைக்கு இறங்குவோம். ஈரம் காலில் ஒட்டும். விழுந்து கிடக்கும் செருப்புகளையும் மூக்குக் கண்ணாடிகளையும் அவர் பொறுக்கி எடுத்து, தேடி வருகிறவர்களுக்காகச் சுவரோரம் வைப்பார். ஆழமான இடத்தில் ஒரு தட்டைப் பாறை உண்டு. அதில் உட்கார்ந்து சாப்பிடுவோம். மற்ற நாட்களில் எங்கள் தலைக்கு மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று அவர் கையைத் தூக்கிக் காட்டுவார். அந்தக் கை இறங்கி வரும்போது என் தோளில் வந்து விழும். அதற்குப் பிறகு நாங்கள் அதிகம் பேசியதில்லை.

ஒரு செவ்வாயன்று குளம் போகிற வழியில், ஒரு கல்யாண வீட்டுக்காரர் ஆற்றுத் துறையில் குளத்துக்குள் இறங்கிவிட்டார். ஆறு என்று நினைத்து இறங்கியிருக்கிறார். ஆழம் தெரியாமல் மூழ்கி, பந்தல் போட வந்தவர்கள் இழுத்துப் போட்டுப் பிழைத்தார். மறுநாள் உதவிப் பொறியாளர் மெர்சி மேடம் என் கணவரைக் கூப்பிட்டார்.

"போர்டுல என்ன எழுதியிருக்கு, சிவனணைந்தான்?"

"லைஃப் கார்டு இல்லாத நேரம் தண்ணில இறங்கக் கூடாதுன்னு, மேடம்."

"அப்ப நீங்க இந்தக் கரைக்கு லைஃப் கார்டா, தண்ணிக்கா?"

அவர் யோசித்தார். "தண்ணிக்குத்தான் மேடம்."

"அப்ப அது போற இடத்துக்கெல்லாம் நீங்களும் போகணும்லா."

அதில் தவறு சொல்ல எதுவும் இல்லை. அடுத்த செவ்வாய் அவர் வாத்துப் படகின் பின்னிருக்கையில் தன் நாற்காலியைக் கட்டினார். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பெடலை மிதித்தபடி குளத்தோடு போனார். நான் சைரனை அணைத்துவிட்டு, வாத்தின் மஞ்சள் அலகு வளைவில் மறையும்வரை பார்த்தேன். பிறகு தட்டைப் பாறைக்குப் போய்த் தனியாகச் சாப்பிட்டேன். அவர் பங்குச் சோற்றைப் பாறையில் விட்டு வந்தேன். கொக்குகள் வந்தன.

புதனன்று நடைபாதையில் அவர் சட்டை உப்புப் பூத்திருந்தது.

"கடல் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"ஷட்டரே கெடையாது, பகவதி. எப்பவும் தொறந்துதான் கெடக்கு."

"அப்ப சைரன்?"

"அதுவேதான் ராவும் பகலும் ஊதிக்கிட்டு இருக்கு."

பிறகு வந்த செவ்வாய்களில் குளம் தாமதிக்கத் தொடங்கியது. புதன் மதியம் வந்தது, பிறகு புதன் இருட்டி வந்தது, பிறகு வியாழனும் தாண்டியது. படகுச் சவாரிக்கு வந்தவர்கள் திரும்பிப் போக மனமில்லாமல், சேற்றில் நின்ற படகுகளில் ஏறி மிதித்தார்கள். அவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடும்படி மேடம் என்னிடம் சொன்னார். மாட்டிவிட்டேன். ஒரு புதுப்பெண் படகு ஆடவில்லை என்று வருத்தப்பட்டாள். பின்னாலிருந்து கொஞ்சம் ஆட்டிவிட்டேன். அவள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒரு வாரம் குளம் வரவே இல்லை. அடுத்த செவ்வாய் வந்தபோது, வெளியே போவதற்குக்கூட அது இங்கே இல்லை. ஊர்களில் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்தார்கள். நான் சைரன் அறையில் உட்கார்ந்து கிழக்கைப் பார்த்தேன். சைரனை ஒலித்தால் வந்துவிடுமோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் தண்ணீர் வராதபோது சைரன் ஒலிப்பது தப்பு. ஜனங்கள் வீணாக மேட்டில் ஏறி நிற்பார்கள்.

மேடத்திடம் போனேன். "நான் போய்ப் பாத்துட்டு வாரேன் மேடம்."

"சைரனுக்கு ஆள் வேணுமே பகவதி."

"தண்ணி இல்லாத சைரனுக்கு ஆள் எதுக்கு மேடம்?"

மேடம் வெறும் குளத்தைப் பார்த்தார். "போயிட்டு வா. அவர்ட்ட நான் ஒண்ணும் கோவமா சொல்லலைன்னு சொல்லு."

பேருந்து மாறி மாறிக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தேன். குளத்தைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. கடலுக்கு முன்னால், ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு மணலை விட்டுவிட்டு, பச்சையாக, அசையாமல் கிடந்தது. கடல் அலை வந்து அந்த மணலை நனைத்துவிட்டுப் போகும்போதெல்லாம் குளத்தின் ஓரம் லேசாக நடுங்கியது. கரையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கறுத்து, இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். தண்ணீரில் இரண்டு பேர் குளித்துக்கொண்டிருந்ததால் எழவில்லை.

"சாப்பிட்டியா?" என்றார்.

"நீங்க?"

"மீன்காரங்க தருவாங்க."

நாற்காலியின் காலடியில் உட்கார்ந்தேன். "ஏன் வரல?"

"உள்ள போகவும் மாட்டேங்கு. திரும்பவும் மாட்டேங்கு. பாத்துக்கிட்டே கெடக்கு. கடல் எவ்வளவோ கூப்பிட்டுப் பாத்துட்டு."

"விட்டுட்டு வந்தா என்ன?"

"தண்ணியை எப்படிட்டி விட்டுட்டு வர?"

"நான் ஒருத்தி அங்க இருக்கேன்லா."

அவர் குளிப்பவர்கள் மீதிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் கீழே நீட்டினார். அது என் தலையைத் தொட்டது. உள்ளங்கை காய்ப்புக் காய்த்திருந்தது. குளித்த இருவரும் துவட்டிக்கொண்டு போகும்வரை அப்படியே இருந்தோம்.

பிறகு நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் குளத்துக்குள் இறங்கினேன். அதுவரை நான் அதன் தண்ணீரில் இறங்கியதில்லை. சைரன் அறை ஆட்கள் இறங்கக் கூடாது என்பது விதி. அவர் பழக்கத்தில் விசிலை வாயில் வைத்து ஊதினார். நான் நிற்கவில்லை. கழுத்தளவு போனேன். எங்கள் மலையின் குளிர்ச்சி அதில் அப்படியே இருந்தது. அவர் விசிலைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

எங்கள் தட்டைப் பாறைக்கு மேல் மற்ற நாட்களில் நிற்கும் தண்ணீருக்குள் இருவரும் நின்றோம். அவர் அழுதார் என்று நினைக்கிறேன். முகம் முழுக்க நனைந்திருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என்னைப் பற்றியும் அப்படித்தான்.

வெயில் தாழ்ந்தபோது நான் குளத்திடம் பேசினேன். "பாத்தது போதும்னு சொல்ல வரல. ஆசை எங்களுக்கும் உண்டு. நீ இங்க கெடந்தா இவரு இங்க, நான் அங்க. வீட்டுக்கு வா. அடுத்த செவ்வாய் நம்ம மூணு பேருமாச் சேந்து வருவோம்."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு என் இடுப்பைச் சுற்றித் தண்ணீர் மேற்கே இழுத்தது.

நாற்காலியை அவசரமாகக் கட்டிக்கொண்டு வாத்துப் படகில் ஏறினோம். குளம் ஆற்றில் ஏறத் தொடங்கியது. தண்ணீர் வருகிறது என்றால் சைரன் ஒலித்தாக வேண்டும். சைரன் மலையில் இருந்தது. அதனால் முன்னிருக்கையில் எழுந்து நின்று வாயாலேயே ஊளையிட்டேன். துறைகளில் இருந்தவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். ஏறாதவர்களை அவர் விசிலடித்து ஏற்றினார். மூச்சு வாங்கும்போது அவர் தோளில் சாய்ந்து கொஞ்சம் ஓய்வெடுத்தேன். வழி நெடுக அவர் மிதித்துக்கொண்டே வந்தார். இத்தனை நேரம் தொடர்ச்சியாக நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததே இல்லை. தொண்டை கட்டிவிட்டது. வழி இன்னும் கொஞ்சம் நீண்டால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

காலையில் மலைக்கு வந்து சேர்ந்தபோது அணை அங்கே இல்லை. அது நின்ற இடத்தில் மெர்சி மேடம் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார்.

"எவ்வளவோ காத்திருந்து பாத்துச்சு. நேத்து சாயங்காலம்தான் உங்களைத் தேடிக் கெளம்பிப் போச்சு. வழில பாக்கலையா?" என்றார்.

"ரயில் பாதை ஓரமா போயிருக்கும் மேடம்" என்றார் என் கணவர்.

குளம் தன் பள்ளத்தில் பரவி, சுவர் இருந்த கோட்டில் வந்து நின்றுகொண்டது. ஒரு சொட்டுக்கூட அப்பால் சிந்தவில்லை. அவர் நாற்காலியை இறக்கிப் போட்டு உட்கார்ந்தார். சைரன் அறை அணையோடு போய்விட்டதால் எனக்கு அன்று வேலை இல்லை. வீட்டைப் பெருக்கி, உப்பேறிய துணிகளை அலசிக் காயப்போட்டு, உலை வைத்தேன். சாயங்காலம் அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது நான் உள்ளே இருந்தேன்.