முதுகைப் பார்த்து நடப்பவள்

"மெதுவாப் பேசு, அவ குளிச்சிட்டு வந்துடப் போறா."

"வரட்டும். இன்னும் எத்தனை நாளைக்கு நான்…"

"வெள்ளிக்கிழமை பத்தே பத்து நிமிஷம்டி. தலைமையாசிரியை அவங்களே போன் பண்ணி, பழைய மாணவி, வந்து பொண்ணுங்களுக்கு நாலு வார்த்தை சொல்லட்டும்னு கேக்குறப்ப நான் என்னத்த…"

"'அவ வேலையை விட்டுட்டா'ன்னு சொல்றதுதானே? வாயில என்ன, ஊசியா இருந்துச்சு?"

இருந்தது. இப்போதும் மூன்று குண்டூசிகள் இருந்தன. அம்மா பள்ளிச் சீருடை தைப்பவள். உதட்டில் கவ்விய ஊசி ஒன்றுகூட விழாமல் அரைமணி நேரம் சண்டை போடுவாள். அந்த வித்தை வேறு யாருக்கும் வராது.

பெரியவள் நாலு வருஷம் கட்டட வரைபட ஆபீஸில் மாடிப்படி வரைந்தாள். முகப்பும் பால்கனியும் மற்றவர்களுக்கு. படிக்கட்டு மட்டும் இவள் தலையில். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அதே படிக்கட்டைப் பதினோராவது தடவையாக மாற்றச் சொன்னபோது, பென்சிலை மேஜைமேல் வைத்தாள், பையை எடுத்தாள், வந்துவிட்டாள். அவள் அழவில்லை. அம்மாதான் அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, சின்னவளுக்கு இது தெரியவே கூடாது என்று ஒரே ஒரு சட்டம் போட்டாள்.

சின்னவளுக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் அவள் பெயர் வால். அக்கா வலது கையில் கடிகாரம் கட்டினால் அவளுக்கும் வலது கை. அக்கா பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்தால் அவளுடைய பென்சிலிலும் பல் பதிந்திருக்கும். அக்கா அந்த வயதில் கணக்குப் போட்டியில் ஜெயித்த பாவத்துக்கு, இவளுக்குப் பள்ளி விட்டதும் நாலிலிருந்து ஆறு வரை கணக்குத் தனிவகுப்பு. "உன் முதுகைப் பார்த்துக்கிட்டே நடக்குறவ அவ. நீ நின்னா வந்து முட்டிக்குவா" என்பாள் அம்மா. ஆகவே ஆறு வாரமாகப் பெரியவள் எட்டரை மணிக்கு ஆபீஸ் போகிறவளாக உடுத்திக்கொண்டு கிளம்புகிறாள். அடையாள அட்டையை ஆபீஸில் வாங்கிக்கொண்டார்கள், கழுத்து நாடா மட்டும் மிச்சம். அதில் அம்மா பஸ் பாஸைக் கோத்துக் கொடுத்திருந்தாள்.

"நான் என்ன துணிக்கடை பொம்மையா, நீ உடுத்தி வாசல்ல நிறுத்தி வைக்க?"

அம்மா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினாள்.

"எட்டாவதோட என்னை நிறுத்தினாங்களே, அன்னைக்கு யாரைக் கைகாட்டி, நானும் அவள மாதிரிப் போறேன்னு கேட்டிருப்பேன் சொல்லு? எனக்கு முன்னாடி ஒருத்தியும் போகல. அவளுக்கு நீ இருக்கே. பேசாம இருந்து தொலையேன்."

இதுதான் எரிச்சல். கத்திக்கொண்டே இருக்கிறவள் திடீரென்று இப்படி ஒன்றைச் சொல்லி வாயை அடைத்துவிடுவாள். பெரியவள் நாடாவை மாட்டிக்கொண்டு, சின்னவள் குளித்து வருவதற்குள் கதவை வேண்டுமென்றே சத்தமாகச் சாத்திவிட்டுப் போனாள்.

போவது பொது நூலகத்துக்கு. வாசல் தாண்டியதும் நாடாவைக் கழற்றிப் பைக்குள் திணிப்பாள். கீழ்த்தளத்தில் ஜன்னலோர மேஜை, வேலை விளம்பரம், பிறகு கையில் அகப்பட்ட புத்தகம். அன்றைக்கு ஒரு வரிகூட ஓடவில்லை. வெள்ளிக்கிழமை இருநூறு சிறுமிகள் முன்னால் என்ன சொல்வது? படிக்கட்டு வரையாதீர்கள் என்றா? ஐந்தரை மணிக்குப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நூலகக்கார அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"ஏம்மா, நீ கீழே, உன் தங்கச்சி மேலே. ரெண்டு பேரும் ஒரே இடத்துல உக்காந்தா எனக்கு ஒரு ஃபேன் மிச்சமில்ல?"

"என் தங்கச்சியா?"

"உன்னை மாதிரியே பென்சிலைத் தின்னுக்கிட்டு உக்காந்திருக்கு. பின்ன யாரு, என் தங்கச்சியா?"

மாடியில், கடைசி அலமாரிக்குப் பின்னால் வால் உட்கார்ந்திருந்தது. பள்ளி அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டிருந்தாள். நாடாவின் நுனி வெளியே எட்டிப் பார்த்தது. அதைக் கண்டதும் பெரியவள் தன் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"கணக்கு வகுப்பு?"

"விட்டுட்டேன். எட்டு நாளாச்சு."

"என்னடி சொல்றே?"

"வகுப்புக்கு பஸ்ல போறப்ப இந்த நூலக ஜன்னல்ல உன்னைப் பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். உனக்கு ஆபீஸ் பிடிக்கல, எந்திரிச்சு வந்துட்டே. எனக்கும் பிடிக்கல."

"நானும் நீயும் ஒண்ணா? நான் நாலு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு…"

"எனக்கு எப்படித் தெரியும்? நீ ஒண்ணுமே சொல்லல. அக்கா மாதிரி இரு, அக்கா மாதிரி இருன்னு எல்லாரும் சொன்னீங்க. இருந்தேன்."

நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது பெரியவளுக்கு. யாரை என்றுதான் தெரியவில்லை. "உன் நல்லதுக்குத்தானேடி…" என்று ஆரம்பித்தாள். அது அட்சரம் பிசகாமல் அம்மாவின் குரலாக, ஊசி கவ்விய உதட்டிலிருந்து வருவதுபோல வந்து விழுந்ததும், பாதியில் நிறுத்திக்கொண்டாள். எட்டு நாளாக ஒரே கூரையின் கீழ் ஒருத்தி தலைமேல் ஒருத்தி உட்கார்ந்துவிட்டு, ஆறு மணிக்கு வெவ்வேறு திசையிலிருந்து வருகிறவர்கள் மாதிரி வீட்டுக்குள் நுழைந்திருக்கிறார்கள்!

திரும்பும்போது சின்னவள் வழக்கப்படி அரை எட்டுப் பின்னாலேயே நடந்தாள். "பக்கத்துல வாயேன், சனியனே" என்றாள் பெரியவள். வந்தாள், நாலு எட்டுக்குள் மறுபடி பின்னால்.

"அம்மாகிட்ட நீ சொன்னா நானும் சொல்லிடுவேன். நீ சொல்லலேன்னா நானும் சொல்லல" என்றது முதுகுக்குப் பின்னாலிருந்து குரல்.

"நீயா ஒண்ணும் யோசிக்க மாட்டியா?"

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் சேர்ந்து நுழைவதைப் பார்த்ததும் அம்மா காலை மிதியிலிருந்து எடுத்தாள். சின்னவள் காதில் விழவேண்டுமென்றே குரலை உயர்த்தி, பெரியவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டி, "வந்தாச்சா! ஆபீஸ்ல இன்னைக்கு வேலை ஜாஸ்தியா?" என்றாள்.

பெரியவள் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு மற்றதன் வாரில் கை வைத்தபடி அப்படியே குனிந்திருந்தாள். பக்கத்தில், அதேபோல ஒரு கால் ஷூவோடு, சின்னவளும் குனிந்திருந்தாள்.

"சரி, நீ சொல்லுடி. வகுப்புல இன்னைக்கு என்ன நடத்தினாங்க?"

மெஷின் சக்கரம் தானாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"உன்னைத்தானேடி கேட்டேன்? அவ மூஞ்சியை எதுக்குப் பார்க்கிறே?"