நல்ல சேதி கொண்டுவந்தவன்

தெஜென் சந்தையில் செல்போன் பழுது பார்க்கும் ஹெம்ராவின் சட்டைப் பையில் கிடந்தது ஒரு பட்டன் போன். பின்மூடி நிற்காது, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருப்பான். ஊரார் போனையெல்லாம் பிரித்துக் குடலைப் பார்க்கிறவனுக்குச் சொந்தமாக ஒரு நல்ல போன் இல்லையே என்று பக்கத்துக் கடை ஒராஸ் சிரிக்காத நாள் கிடையாது. ஒராஸ் முலாம்பழம் விற்பவன். அவன் போன் ஒரு தட்டு அகலம்.

"உனக்கே உன் தொழில் மேல நம்பிக்கை இல்லியேடா ஹெம்ரா!"

"உள்ள என்ன இருக்குன்னு பார்த்தவன்டா நானு. சமோசா போடறவன் அவன் கடை சமோசாவைத் தின்னதைப் பார்த்திருக்கியா?"

சூடு ஏறிவிட்டால் ஹெம்ராவுக்கு நிறுத்தத் தெரியாது. "முன்னெல்லாம் ஒருத்தனை வேவு பாக்கணும்னா ஒரு ஆளைப் போடணும். அவனுக்குச் சம்பளம் குடுக்கணும். குளிர்ல தெருமுனையில நிக்கவைக்கணும். இப்ப நீயே கடைக்கு வந்து வாங்கற, நீயே சார்ஜ் போடற, தலைமாட்டுல வெச்சுத் தூங்கற. கீழ விழுந்தா அடிபடுமேன்னு உறை வேற மாட்டி விடறே!"

கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, அந்தச் சிரிப்பையும் படம் பிடித்துக்கொண்டு போவார்கள்.

வெளியுலக இணையத்துக்குப் பூட்டுப் போட்டிருக்கிற ஊரில், பூட்டைத் திறக்கிற வி.பி.என்.னுக்குச் சந்தையில் 'சாவி' என்று பெயர். இரும்புக்கடைக்காரன்கூட ரகசியமாகச் சாவி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஹெம்ரா மட்டும் யாருக்கும் போட்டதில்லை. தெரியாமல் இல்லை. மற்றவன் சாவி நான்கு நாளில் செத்துப்போகும், இவன் மனசு வைத்தால் நான்கு மாதம் ஓடும். ஆனால் அவனுக்கு ஜெமால் இருந்தாள். ஒரே மகள். இஸ்தான்புல்லில் நர்சிங் படிக்க இடம் கிடைத்து, பாஸ்போர்ட்டும் வந்து, ஆகஸ்டு கடைசிக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அப்பன் பேரில் ஒரு சின்னப் புகார் இருந்தாலும் போதும், விமானத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்த பெண்ணை எழுப்பி இறக்கிவிடுவார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் அப்படி இறக்கிவிடப்பட்ட பெண் மூன்று வருடமாகத் தையல் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்படிப்பட்டவன் ஒரே ஒருவருக்குச் சாவி போட்டான். அது ஒகுல்கெரெக் அக்காவுக்கு.

நான்காவதும் பெண்ணாகப் பிறந்த ஆத்திரத்தில் அவள் அப்பா வைத்த பெயர் அது. 'மகன் வேண்டும்' என்று பொருள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அவளுக்கு ஒரே மகன், கெரிம், இஸ்தான்புல்லில் மூட்டை தூக்குகிறான். அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டான். ஹெம்ராவின் மனைவி படுத்த படுக்கையாகக் கிடந்த ஏழு மாதமும் சூப் பாத்திரத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தவள் இந்த அக்காதான். கடைசியில் உடலைக் குளிப்பாட்டியதும் அவள்தான். அவள் வந்து, "மருமக முழுகாம இருக்கா தம்பி, எம்புள்ள மொகத்தை ஒரு தடவை பாக்கணும்" என்று நின்றபோது, முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

போனை வாங்கிச் சாவியைப் போட்டான். திரையில் அது தெரியாதபடி கணக்குப் போடுகிற கால்குலேட்டருக்குள் ஒளித்துவைத்தான். "யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாதுக்கா."

"நான் என்ன பைத்தியமா?" என்றாள் அக்கா.

பைத்தியம் இல்லைதான். ஆனால் ஜூலை நடுவில் ஏதோ பெரிய மாநாடு என்று வெளிநாட்டு இணையத்தை அடியோடு நிறுத்தினார்கள். தொலைபேசியிலும் வெளிநாடு கிடைக்கவில்லை. சந்தையில் அத்தனை சாவியும் ஒரே நாளில் செத்தது. ஹெம்ரா போட்டது மட்டும் உயிரோடிருந்தது. அதன் வழியாக, நான்காம் நாள் காலை, பள்ளிக்கூடத்து உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் நின்றிருந்த அக்காவின் கைக்குப் பேரனின் படம் வந்து சேர்ந்தது. மூன்றரைக் கிலோ. காது நுனியில் மச்சம்.

எங்கள் ஊரில் நல்ல சேதியை முதலில் கொண்டுவருகிறவனுக்குப் பரிசு கொடுத்தாக வேண்டும். புஷ்லுக் என்போம். கொடுக்காவிட்டால் அந்த நல்லது நிலைக்காது என்று பயம். அதையும் மறைத்துக் கொடுக்கிற வழக்கமில்லை. நான்கு பேர் பார்க்கத் தோளில் போர்த்துவதுதான் முறை. அக்காவுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. சேதியைக் கொண்டுவந்தது யார்? போன். போனுக்கு யார் பரிசு கொடுப்பார்கள்? அவள் வீட்டுக்கு ஓடி, மகன் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த சட்டைத்துணியைத் தூக்கிக்கொண்டு, கோதுமை மாவு படிந்த கையோடு நேராகச் சந்தைக்கு வந்தாள்.

"ஹெம்ரா! பேரன் பொறந்துட்டான்டா! புடி, உன் புஷ்லுக்!"

"அக்கா, மெதுவா..."

"என்ன மெதுவா? மூணரைக் கிலோ! காதுல மச்சம், அப்பனுக்கு இருக்கிற மாதிரியே!"

துணியை உதறி அவன் தோளில் போர்த்தினாள். ஒராஸ் கையில் அறுத்த முலாம்பழத் துண்டோடு அப்படியே நின்றான். பூக்காரி வாழ்த்துச் சொன்னாள். அடுத்த நிமிடமே அவள் முகம் யோசனையில் ஆழ்ந்தது. நான்கு நாளாக வெளியிலிருந்து ஒரு எழுத்து வரவில்லை. காதில் மச்சம் இருப்பது இவளுக்கு எப்படித் தெரிந்தது? தெரிந்த சேதிக்கு, செல்போன்காரனுக்கு எதற்குப் பரிசு? யாரும் யாரிடமும் போய்க் கோள் சொல்லத் தேவையே இல்லை. சந்தை முழுக்கக் கண்ணால் பார்த்தது.

ஹெம்ரா துணியைச் சட்டென்று மடித்து மேசைக்கு அடியில் தள்ளினான். அக்கா மேல் கோபம் வந்தது; மூன்றரைக் கிலோ, மூன்றரைக் கிலோ என்று அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்ததும் அந்தக் கோபம் நிலைக்கவில்லை.

மறுநாள் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். போனை வாங்கி வைத்துக்கொண்டு, எழுதி வாங்கிக்கொண்டு, சாயங்காலம் விட்டுவிட்டார்கள். சாவியைத் தானே போட்டதாகச் சொன்னாளாம். கடைக்கு வந்த ஒருத்தி சொல்லித்தான் ஹெம்ராவுக்கு இது தெரிந்தது. மைக்ரோவேவில் நேரம் வைக்கவே அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற அக்கா!

மூன்றாம் நாள் கடைக்கு ஓர் இளைஞன் வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. உட்காரச் சொல்லுமுன் உட்கார்ந்தான்.

"டீ சொல்லுங்கண்ணே. உங்களைப் பத்தி நெறையக் கேள்விப்பட்டேன். நல்ல கைன்னு சொல்றாங்க."

ஹெம்ரா டீ சொன்னான். தனக்கு வந்த கோப்பையைத் தொடவில்லை.

"அந்தச் சாவி உங்க வேலைன்னு எங்களுக்குத் தெரியும். அத விடுங்க. எங்க ஆளுங்களுக்கே அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆச்சு, சபாஷ்!" சிரித்துக்கொண்டே நகம் அளவுக்கு ஒரு மெமரி சில்லை மேசையில் வைத்தான். "இதுவும் சாவிதான். உங்களோடதைவிட வேகம். கேக்கறவங்களுக்கெல்லாம் இனிமே இதைப் போட்டுக் குடுங்க."

"நான் யாருக்கும்..."

"மொதல்ல அந்த அக்கா வருவாங்க. போனை இன்னைக்குத் திருப்பிக் குடுத்துருவோம், பேரனைப் பாக்காம இருக்க மாட்டாங்க. அவங்க போன்ல இது ஏறலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிடும்." டீயை உறிஞ்சினான். "அவங்க பையன் கெரிம் இருக்கானே, போன மாசம் இஸ்தான்புல்ல நம்ம தூதரகத்து வாசல்ல முப்பது பேரு நின்னு கத்தினாங்க. மொகத்தை மூடிக்கிட்டு. அதுல அவன் இருந்தானான்னு சந்தேகம். சந்தேகம்தான். அம்மாகிட்ட பேசறப்ப சொல்லுவான் இல்ல?"

ஹெம்ரா சில்லை அவன் பக்கமே தள்ளினான்.

"உங்க மக ஜெமால், ஆகஸ்டு கடைசிப் புதன், காலை விமானம். பதினாலாவது வரிசை, ஜன்னல் பக்கம்." எழுந்து கோப்பையை ஒழுங்காகத் தட்டில் கவிழ்த்தான். "நல்லாப் படிக்கற பொண்ணாமே."

அவன் போன பிறகு ஹெம்ரா அந்தச் சில்லைச் சுத்தியலுக்குக் கீழே வைத்தான். சுத்தியலைத் தூக்கவும் தூக்கினான். வீட்டில் நடைபாதையில் ஜெமாலின் பெட்டி பத்து நாளாகத் திறந்தே கிடக்கிறது. தினம் ஒரு பொருளை வைப்பாள், ஒன்றை எடுப்பாள். அம்மாவின் தலைத்துணியை அடியில் வைத்திருக்கிறாள். அவன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

இரண்டு நாளில் அக்கா வந்தாள். முகம் ஒரு சுற்று இளைத்திருந்தது. போனை மேசையில் வைத்தாள்.

"உன் பேரை நான் சொல்லல தம்பி. சத்தியமா."

"தெரியும்க்கா."

"இன்னொரு தடவை போட்டுத் தருவியா? போனைப் புடுங்கறதுக்கு முந்தி கெரிம் சொன்னான், மஞ்சக்காமாலையாம் கொழந்தைக்கு. கொறஞ்சுதான்னு மட்டும் பாத்துக்கறேன்."

"வேணாம்க்கா. கடுதாசி போடுங்களேன்..."

"கடுதாசி போய்ச் சேர்றதுக்குள்ள அவன் நடக்க ஆரம்பிச்சுடுவான்!"

அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது ஹெம்ராவுக்கு. ஒரு வாக்கியம் போதும். ஆனால் அவள் போன் இருவருக்கும் நடுவில் மல்லாந்து கிடந்தது. அவர்கள் கையில் இருந்துவிட்டு வந்த போன். எதிரே கபாப் கடை பெஞ்சில், பசியே இல்லாத ஒருவன் ஒரே கறிக்கம்பியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருந்தான். இத்தனை வருடம் போனுக்குக் காது இருக்கிறது, காது இருக்கிறது என்று ஊரெல்லாம் முழங்கியவனுக்கு, அந்தக் காதின் முன்னால் நாக்கு எழவில்லை.

சில்லைப் போட்டான். நான்கு நிமிடத்தில் ஏறிவிட்டது. இளைஞன் சொன்னது பொய்யில்லை, உண்மையிலேயே வேகம்தான்.

அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் போட்டான். பூக்காரிக்கு, பள்ளிக்கூட வாத்தியாருக்கு, ஒராசுக்கு. "வழிக்கு வந்தியா!" என்று ஒராஸ் முதுகில் தட்டிவிட்டு, நல்ல பழமாகப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். ஹெம்ரா போன்களைப் பற்றிக் கேலி பேசுவதை நிறுத்திவிட்டதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. தினமும் காலையில் காலண்டரைப் பார்ப்பான். ஜெமால் போன மறுநாளே அக்காவைக் கால்வாய்க்கரைக்குக் கூட்டிப் போய், போனை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லி, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். அந்த முடிவு ஒன்றுதான் அவனைச் சாப்பிடவும் தூங்கவும் விட்டது.

ஆகஸ்டு கடைசி வாரம், திங்கட்கிழமை காலை, அக்கா ஒரு வட்ட ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். மேசைக்கு உள்பக்கம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். போனை வழக்கம்போல எதிரே வைத்தாள்.

"காமாலை எறங்கிடுச்சு தம்பி. கொழந்தைக்கு நாப்பது நாளும் முடிஞ்சிடுச்சு." குரலை ரொம்பத் தாழ்த்தினாள். "கெரிம் வர்றான்! கொழந்தையைத் தூக்கிட்டு வர்றான். புதன்கெழம."

ஹெம்ராவின் கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் உருண்டு விழுந்தது. இஸ்தான்புல்லுக்கு வாரத்தில் ஒரே விமானம். அது வந்து இறங்கி, அதேதான் திரும்பிப் போகும். கெரிம் இறங்குகிற படிக்கட்டில்தான் ஜெமால் ஏற வேண்டும்.

"வரச் சொல்லாதீங்கக்கா..." என்று ஆரம்பித்துவிட்டான். போனைப் பார்த்தான். "...வெயில் ஜாஸ்தி. கொழந்தைக்கு ஆகாது."

"போடா! வெயில் என்ன செய்யும்? நம்ம ரத்தம்!" அவன் காதருகில் குனிந்தாள். "அங்க ஒரு தடவை எல்லாரும் நின்னு கத்தினாங்களாம், தூதரகத்துல. இவனும் நின்னிருக்கான், படுபாவி. நான் பயந்தே போயிட்டேன். மொகத்தைத்தான் மூடிக்கிட்டு இருந்தேம்மா, ஒருத்தருக்கும் தெரியாது, உங்கிட்ட மட்டும்தான் சொல்றேன்னான். அதான் தைரியமா வர்றான்."

"எப்பச் சொன்னான்?"

"போன வாரம். நீ போட்டுக் குடுத்தியே, அதுலதான்." ரொட்டியின் துணியைப் பிரித்தாள். ரொட்டிக்கு அடியில் மடித்து வைத்த சட்டைத்துணி, சாம்பல் நிறம், புதுசு. யாரும் பார்க்காதபடி அதை அவன் மடியில் திணித்தாள். "உன் புஷ்லுக். போன தடவை புத்தி கெட்டுப்போய் ஊரைக் கூட்டி உனக்கு ஆபத்து வெச்சேன். இந்தத் தடவை ஒருத்தர்கிட்டயும் சொல்லல. உனக்கு மட்டும்தான் தெரியும்."

கபாப் கடை பெஞ்சில் அன்று யாரும் இல்லை. இனி உட்கார வேண்டிய அவசியமும் இல்லை.

புஷ்லுக்கை வாங்குகிறவன் பதிலுக்கு வாழ்த்த வேண்டும். அவள் அதற்காகக் காத்திருந்தாள். புதன்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். இப்போது வாயைத் திறந்தால் கெரிம் வரமாட்டான், ஜெமால் போகமாட்டாள். ஹெம்ரா துணியைத் தடவினான். நல்ல பருத்தி. தன்னைப் போலக் கேவலமான ஒருவனை இந்தச் சந்தை பார்த்திருக்காது என்று நினைத்தான்.

"நல்லபடியா வந்து சேரட்டும்க்கா," என்றான்.

"உன் வாய் முகூர்த்தம்," என்று சொல்லி, அக்கா ரொட்டியைப் பிட்டு அவன் கையில் கொடுத்தாள்.