முப்பத்தேழாம் பக்கம்

"ராத்தா, ஏணி ஆடுது. இறங்குங்க!"

ஹுஸ்னியா இறங்கவில்லை. மூன்றாம் படியில் நுனிக்காலில் நின்றபடி, அலுமாரியின் மேல் கிடந்த பழைய பதிவேடுகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். இருபது வருடத்துத் தூசி முகத்தில் கொட்டியது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று பத்து. நான்கு மணிக்குள் பதில் போகாவிட்டால் அவளுடைய படிப்பு போச்சு.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் ஸம்றா. அந்த ஊர் நூலகத்தின் இரண்டாவது உதவியாளர். ஹுஸ்னியாவின் பெயர் வெட்டப்பட்டால் அந்த இடத்துக்கு வரப்போகும் பெயரும் ஸம்றாவுடையதுதான்.

ஏணியைப் பிடித்திருக்கும் கை, ஆட்டியும் விடலாம். இன்று காலை வரைக்கும் ஹுஸ்னியாவுக்கு இப்படியொரு நினைப்பு வந்ததே இல்லை.

காலை ஒன்பதரைக்கு அந்த அழைப்பு வந்தது. கிராமத்து நூலக ஊழியர்களுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கும் கொழும்பு நிதியத்திலிருந்து கிருசிகா பேசினாள். இரண்டு வருட முதுமாணிப் படிப்பு, வீட்டிலிருந்தே ஒன்லைனில், முழுச் செலவும் நிதியத்துடையது. கிழக்கு மாகாணத்துக்கு ஒரே ஓர் இடம். அது ஹுஸ்னியாவுக்கென்று போன வாரமே சொல்லியிருந்தார்கள்.

"மிஸ், உங்களப் பத்தி ஒரு மொட்டைப் பெட்டிசம் வந்திருக்கு" என்றாள் கிருசிகா. "நானும் காரைதீவு ஆள்தான். நம்மட பக்கம் ஆருக்கும் ஒரு நல்லது நடந்தா உடன பெட்டிசம் எழுதுவாங்க எண்டு எனக்குத் தெரியும். வெறும் கடுதாசி எண்டா நான் மேசைக்குக் கீழ போட்டிருப்பன். இதில சாட்சியும் வச்சிருக்காங்க. உங்கட நூலகர் இண்டைக்கு நாலு மணிக்குள்ள எழுத்தில விளக்கம் தரோணும். இல்லாட்டி அடுத்த பேருக்குப் போயிரும்."

வட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று தட்டச்சுக் கடிதம்: 'இவர் நூலகப் புத்தகங்களைக் களவாக வெளியே கொண்டுபோகிறவர். நான் அக்கறையுள்ள ஒரு வாசகன்.' மற்றது, ஏதோவொரு புத்தகத்திலிருந்து கிழித்த தாளின் கீழ்ப்பாதி. எழுத்துகள் மங்கல். ஆனால் ஓரத்திலிருந்த நூலக முத்திரையும், அதற்குள் மையால் எழுதிய 2114 என்ற இலக்கமும், பக்க எண் 37உம் பளிச்சென்று தெரிந்தன.

பழைய பதிவேடுகளில் தேட, ஹுஸ்னியா அந்த இலக்கத்தைக் குறித்துக்கொண்டாள்.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் முத்திரை இருப்பது ஊருக்கே தெரியும். களவெடுப்பவன் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் கிழிப்பான். அதனால் நூலகக்காரர்கள் உள்ளே இன்னொரு பக்கத்திலும் முத்திரை குத்தி இலக்கம் எழுதி வைப்பார்கள். எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே பக்கம். அதற்கு இரகசியப் பக்கம் என்று பெயர். எந்தப் பக்கமென்பது ஊழியர்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

இந்த நூலகத்தில் ஊழியர்கள் மூன்று பேர்தான். அவள், ஸம்றா, நூலகர் அப்துல் ஸமட்.

"ஸம்றா" என்றாள் ஏணியிலிருந்தபடியே, "திங்கக்கிழமை கொமினிகேஷன் கடையில ஒன்னக் கண்டன்."

"ஓம், போனன்."

"என்ன டைப் பண்ணினாய்?"

ஸம்றாவின் கை ஏணியை விட்டது. "ஓஹோ! அப்பிடி வாறீங்களா? என்ட டிகிரி செட்டிபிகேட்ட கொப்பி எடுத்தன். நீங்க விட்டா எனக்கு வருமெண்டு நினைச்சிரிக்கன் ராத்தா, பொய் சொல்லமாட்டன். நினைச்சதுக்கும் பொலிசில என்ட்ரி போடுவீங்களா?"

"பிடி, பிடி, ஏணியப் பிடி!"

"பிடிக்கன். நீங்க விழுந்தா அதுக்கும் ஸம்றாதான் காரணமெண்டு ஒரு பெட்டிசம் வரும்."

வேறொரு நாளாக இருந்தால் ஹுஸ்னியா சிரித்திருப்பாள்.

கைத்தொலைபேசி அடித்தது. முர்ஷித். கல்முனையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் அவளுடைய கணவன்.

"புள்ள, சாப்பிட்டாச்சா? குரல் ஏன் ஒரு மாதிரியா இரிக்கி?"

"ஒண்டுமில்ல. தூசி."

பெட்டிசத்தைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. எல்லாம் சரியான பிறகு சொன்னால் போதும். விண்ணப்பத்தைப் பக்கம் பக்கமாகப் படித்து நிரப்பிக் கொடுத்தவனே அவன்தான். படிப்பு முடிந்த பிறகு ஐந்து வருடம் இதே நூலகத்தில் வேலை செய்ய வேண்டுமென்ற நிபந்தனையை மூன்று தரம் வாசித்தான். 'அஞ்சி வருஷம் ஒன்ன அந்த அலுமாரிக்கே நிக்காஹ் முடிச்சிக் குடுத்த மாதிரி' என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே பிணையாளராகக் கையெழுத்தும் வைத்தான்.

"றிப்தி நானா கட்டாரிலிருந்து திரும்பவும் எடுத்தாரு" என்றான் இப்போது, தன்னை அங்கே வேலைக்குக் கூப்பிடும் அண்ணனைப் பற்றி. "அந்தக் கதைய வீட்ட வந்து கதைப்பம். நாலரைக்கு வந்து ஏத்துறன், சரியா?"

"சரி" என்று வைத்தாள்.

நான்காவது பதிவேடு கையில் அகப்பட்டபோது, உள்ளறைக் கதவு திறந்தது. அப்துல் ஸமட் சேர் ளுஹர் தொழுகை முடித்து வந்திருந்தார். தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"ஹுஸ்னியா, நான் விடியவே சொல்லிட்டன். ஒங்களுக்கு நல்ல பேர் இரிக்கி, சரி. ஆனா தெரியாத விசயத்துக்குக் கையெழுத்து வைக்க என்னால ஏலா. பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் இரிக்கி."

"தெரிஞ்சிக்கத்தானே சேர் தேடுறன்."

இறங்கி வந்து பதிவேட்டை மேசையில் வைத்தாள். படத்தைப் பெரிதாக்கி அவர்முன் நீட்டினாள்.

"நல்லாப் பாருங்க சேர். நம்மட ரகசியப் பக்கம் அம்பத்தொண்டு. இது முப்பத்தேழு. நம்மட முத்திர வட்டம். இது முட்டை வடிவம்."

சேர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். படத்தின் மீது குனிந்தார்.

"இது..." என்றார். குரல் இறங்கியிருந்தது. "இது பழைய முத்திர. கடலோட போனது. சுனாமிக்கு முன்ன எங்கட ரகசியப் பக்கம் முப்பத்தேழுதான்."

ஸம்றா ஒரு காலடி முன்னால் வந்தாள். "அப்ப எனக்கு அது தெரிய வழியில்ல. நான் வேலைக்கு வந்தது பத்தொம்பதாம் ஆண்டு. கேட்டீங்களா ராத்தா?"

ஹுஸ்னியா கேட்டாள். அவளே சேர்ந்தது இரண்டாயிரத்துப் பதினைந்தில்தான். சுனாமிக்கு முன் இந்த நூலகத்தில் வேலை செய்து, இன்றைக்கும் இங்கே இருப்பவர் ஒரேயொருவர். அவர் இப்போது இவளுக்கு எதிரே, கையை ஊன்றி நிற்கிறார். பட்டமும் இல்லாமல், பரீட்சையில் பாஸாகிப் படிப்படியாக ஏறி நூலகரானவர். தனக்குக் கீழே ஒருத்தி முதுமாணியாக வந்து நிற்பதை விரும்புவாரா?

அந்தப் பார்வையை அவர் படித்துவிட்டார்.

"அப்ப நானா?" என்றார். கோபம் இல்லை, அடிபட்ட குரல். "ஹுஸ்னியா, ஒங்களுக்கு சிபாரிசுக் கடிதம் எழுதினது இந்தக் கைதான். ஒரு கையால எழுதி மத்தக் கையால வெட்டுவனா?"

வெட்டலாம்தானே என்று மனம் சொன்னது.

சேர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார். நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு புத்தகமும் வந்த வரிசையில் இலக்கமிட்டு எழுதப்படும் சேர்வுப் பதிவேடு அது. சுனாமி நாளில் கணக்காய்வுக்காகப் பிரதேச சபைக்குப் போயிருந்ததால் தப்பியது. கட்டடம், அலுமாரிகள், ஆறாயிரம் புத்தகங்கள், ஒன்றும் மிஞ்சவில்லை. பதிவேட்டில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் ஒரே வசனம்: 'கடற்கோளினால் அழிந்தது. பதிவழிக்கப்பட்டது.'

"ரெண்டாயிரத்து அஞ்சாம் ஆண்டு இந்தச் சிவப்பு எழுத்து முழுக்க நான்தான் எழுதினன்" என்றார். "ஒவ்வொண்டும் மையித்துக்குக் கபுர்க் குழி வெட்டின மாதிரி. எங்க, எத்தன சொன்னீங்க?"

"ரெண்டாயிரத்து நூத்திப் பதினாலு."

விரல் கீழே இறங்கியது. 2111. 2112. 2113.

2114. 'இரவு வானம் — சிறுவருக்கான நட்சத்திர நூல்.' பக்கத்தில் அதே சிவப்பு மை.

சேர் மேசையில் தட்டினார். "பாருங்க! இந்தப் புத்தகம் இருபது வருஷமா இந்த நூலகத்தில இல்ல. இல்லாத புத்தகத்த எப்பிடிக் களவெடுக்கிற? அப்ப ஒங்களுக்கு எத்தன வயசு?"

ஹுஸ்னியாவின் பார்வை அந்தத் தலைப்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

"ராத்தா, சேர் கேக்கிறாரு."

"பதினொண்டு" என்றாள்.

"பதினொரு வயசுப் புள்ள! பெட்டிசம் போட்டவன் நல்லா மாட்டிக்கிட்டான். முத்திரையக் கண்டதும் கைய வச்சிட்டான், எந்தக் காலத்து முத்திர எண்டு தெரியல்ல." சேர் கடதாசியை எடுத்து எழுதவே தொடங்கிவிட்டார். பாதியில் பேனை நின்றது. "ஆனா ஒரு விசயம். அலுமாரியில இருந்ததெல்லாம் கடலுக்குள்ள. மிஞ்சியிரிந்தா, அண்டைக்கு ஆரோ ஒரு வாசகர் இரவல் எடுத்துட்டுப் போய் வீட்டில வச்சிரிந்த புத்தகமாத்தான் இரிக்கோணும். ஆருட வீட்டிலயோ இவ்வளவு நாளும் பத்திரமா இரிந்திரிக்கி. ஆரெண்டு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியா சேர்."

பத்து வருட வேலையில் அவரிடம் அவள் சொன்ன முதல் பொய் அது.

மூன்று நாற்பதுக்கு, கையெழுத்தும் வட்ட முத்திரையுமாக விளக்கம் கொழும்புக்குப் பறந்தது. பதிவேட்டின் படமும் கூடவே போனது. நான்குக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கிருசிகாவிடமிருந்து பதில் வந்தது: 'ஏற்றுக்கொண்டோம் மிஸ். இடம் உங்களுடையதுதான். மொட்டைக் கடிதக்காரரைக் கண்டால் என் சலாமும் சொல்லுங்கள்.'

ஸம்றா அவளைக் கட்டிப்பிடித்தாள். "என்னச் சந்தேகப்பட்டதுக்கு ஒரு கொத்துரொட்டியும் ஒரு பலூடாவும். கடன் வைக்க மாட்டன்."

"தாறன்" என்றாள் ஹுஸ்னியா. "மன்னிச்சிக்க, ஸம்றா."

"என்ன ராத்தா, இடம் கிடைச்ச மொகமா இது?"

சரியாக நாலரைக்கு முர்ஷித்தின் மோட்டபைக் வாசலில் நின்றது. ஏறி உட்கார்ந்தாள். அவன் வழியெல்லாம் கதைத்தான். ஒலுவில் துறைமுகத்தில் வந்திறங்கிய கீரி மீனைப் பற்றி, சீமெந்தின் விலையைப் பற்றி, றிப்தி நானா சொன்ன வீட்டைப் பற்றி. கட்டாரில் இரண்டு அறை வீடாம். குடும்பத்தோடு வரலாமாம். படிப்பு, நிபந்தனை என்று வருடக்கணக்கில் காத்திருக்க மாட்டாராம், பதில் சொல்லத்தான் வேண்டுமாம். அவள் "ம்" கொட்டினாள். கடற்காற்று முந்தானையை இழுத்தது.

உம்மா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தா. இந்த வீடு உம்மா அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்தவன் முர்ஷித்தான்.

ஹுஸ்னியா அறைக் கதவைச் சாத்திவிட்டு அலுமாரியைத் திறந்தாள். கலியாணப் புடவைக்கு அடியில் கையை விட்டாள். வாப்பா உடுத்திவந்த நீலச் சாரம் அகப்பட்டது. அதற்குள் கனமாக ஒன்று.

மெதுவாகப் பிரித்தாள். 'இரவு வானம்.'

சுனாமிக்கு இரண்டு நாள் முன்பு, வாப்பா தன்னுடைய அட்டையில் அவளுக்காக எடுத்துக் கொடுத்த புத்தகம். அதை வாசிக்கவென்று மாமி வீட்டுக்குக் கொண்டுபோனதால் அதுவும் தப்பியது, அவளும் தப்பினாள். கரையில் நின்ற வாப்பா தப்பவில்லை. திருப்பிக் கொடுக்க நூலகமும் இருக்கவில்லை. பிறகு நூலகம் வந்தபோது, கொடுக்க மனம் வரவில்லை. அந்த நூலகத்திலேயே வேலைக்குச் சேர்ந்து, அடுத்தவர்களிடம் தாமதக் கட்டணம் வாங்கும்போதெல்லாம் இந்தச் சாரம் நினைவுக்கு வரும். யாரிடமும் சொன்னதில்லை. உம்மாவுக்குச் சாரம் தெரியும், அதைத் தொட மாட்டா. உள்ளே இருப்பது என்னவென்று உம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

முதல் பக்கத்தைத் திறந்தாள். முட்டை வடிவ முத்திரை. அதன் கீழ், திருப்பிக் கொடுக்கும் தேதி எழுதும் தவணைத் தாளில் வாப்பாவின் பெயர். அந்தப் பக்கத்தில் யாரும் கை வைக்கவில்லை. வைத்திருந்தால் அந்தப் பெயரே எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். பெயரில்லாத முத்திரை ஒன்று கிடைக்கும் வரைக்கும் பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் புரட்டியிருக்கிறார்கள்.

முப்பத்தாறு வரைக்கும் இருந்தது. அடுத்து இருந்தது முப்பத்தொன்பது. நடுவில், அடிமட்டம் வைத்துக் கிழித்தது போல நேரான ஓரம்.

"புள்ள, தேத்தண்ணி ஆறுது!" என்று முன்னறையிலிருந்து அவனுடைய குரல் கேட்டது.

ஒரே ஒரு தடவை அவள் இந்தச் சாரத்தை இன்னொருவருக்கு முன்னால் பிரித்திருக்கிறாள், கலியாணம் முடித்த முதல் மாதத்தில். இந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, வாப்பாவுக்காக அவளைவிட அதிகமாக அழுதவன் முர்ஷித்.