மூக்கைத் தூக்கும் கார்

என் வீட்டுக்காரர் பொன்னுச்சாமி கொடைக்கானலில் டாக்சி ஓட்டுகிறவர். மலை வளைவில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதே மனுஷன் போன வருஷம் சோழவரம் கார்ப் பந்தயத்தில், நேர் ரோட்டில், கோட்டை விட்டார். கொடி விழுந்ததும் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகை கக்கியது. ஜெயித்த கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்ததை மட்டும் கண்ணில் ஏந்தி வந்தார். அன்றிலிருந்து சோறு தின்னும்போதும் கால் ஆடும்; தூக்கத்தில் கட்டில் சட்டத்தை மிதிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“முன்பக்கம் எந்திரிச்சாத்தான் வள்ளி, பின்னால பாரம் விழும், சக்கரம் ரோட்டைப் பிடிக்கும். நம்ம ஸ்பிரிங் கல்லாட்டம் கெடக்கு.”

மலைக்காகக் கல்லாட்டம் போட்டதே அவர்தான்.

இந்த வருஷப் பந்தயம் நெருங்கியதும் வத்தலக்குண்டில் சுவாமிநாதன் ஒர்க்‌ஷாப்புக்கு இறங்கினோம். முன்பக்கம் முதலில் மாட்டிய ஸ்பிரிங் பாரம் தாங்கவில்லை; கார் மண்டியிட்டுவிட்டது. அதைக் கழற்றி, நீளமும் இளக்கமுமான வேறொரு ஜோடியை அமுக்கி மாட்டினார்கள். அடுத்தது ஷாக் அப்சார்பர். புதுசு எல்லாம் இழுத்தாலும் முரண்டு, அமுக்கினாலும் முரண்டு. இவர் கொல்லையில் கழித்துப்போட்ட குவியலில் இறங்கிவிட்டார். மூக்கு சட்டென்று எழும்பி மெல்லத் தாழ, இழுத்தால் வெரசாக வரவேண்டும். அமுக்கினால் மெதுவாக இறங்கவேண்டும். நானும் சேலையை வரிந்துகட்டி ஒரு முனையைப் பிடித்தேன். ஒன்று கிடைத்தால் ஜோடி கிடைக்காது. பொழுது சாயும்போதுதான் ரெண்டும் சேர்ந்தது.

மறுநாள் வெள்ளனே ஊருக்கு வெளியே நேர் ரோடு. கடைசிப் புளியமரத்தடியில் சுவாமிநாதன் கடிகாரத்தோடு நின்றான். கார் மூக்கைத் தூக்கியது, உடனே தாழ்த்திக்கொண்டது. மறுபடியும் அதே கதை. இவர் ஸ்பிரிங்கைத் திட்டினார், ஷாக்கைத் திட்டினார், டயரை எட்டி உதைத்தார்.

பொறுக்காமல் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். கார் கிளம்பியது. முன்கண்ணாடியில் ரோடு மறைந்து வானம் வந்தது. அந்த நொடி அவர் கால் ஆக்ஸிலேட்டரை விட்டுத் தானாக மேலே வந்துவிட்டது.

“நீங்க காலை எடுக்கிறீங்க.”

“நான் எங்க எடுத்தேன்?”

“எடுத்தீங்க. நான் பாத்தேன்.”

மலையில் முன்பக்கம் லேசானால் ஸ்டீயரிங் பேச்சுக் கேட்காது, கீழே பள்ளம். இத்தனை வருஷம் எங்களை உயிரோடு வைத்திருந்த கால் அது. அதைக் குறை சொல்ல எனக்கு வலித்தது.

“பழைய ஸ்பிரிங்கையே மாட்டுடா” என்றார் சுவாமிநாதனிடம்.

“அப்ப போன வருஷம் மாதிரி புகைதாண்ணே.”

ரோட்டில் இங்கும் அங்கும் நடந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. “நான் ஒரு தடவை ஓட்டுறேங்க” என்றேன்.

பழனியில் என் பிறந்த வீட்டுப் பஞ்சாமிர்தக் கடை வேனில் ஓட்டப் பழகியவள் நான். கொடைக்கானல் மலையில் ஒரு வளைவுகூட இவர் என்னை ஓட்ட விட்டதில்லை. அவர் சாவியை நீட்டினார்.

சீட்டின் நுனியில் உட்கார்ந்தால்தான் எனக்குப் பெடல் எட்டியது. மிதித்தேன். ரோடு காணாமல் போனது. போகட்டும் என்று மிதித்துக்கொண்டே இருந்தேன். கார் பாய்ந்த பாய்ச்சலில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மதினி! அண்ணன் ஓட்டினதெல்லாம் பக்கத்துலகூட வராது!” என்று கத்திக்கொண்டே சுவாமிநாதன் ஓடிவந்தான். நடந்துவந்த இவர் முகத்தைப் பார்த்ததும் கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஒரு வருஷக் கனவு. அதை அவரிடமிருந்து நானே பிடுங்கிக்கொண்டது போலிருந்தது. அவர் ஸ்பானரை எடுத்துக் கார்ப் பக்கம் குனிந்தார்.

“ஸ்பிரிங்கைக் கழட்டுறீங்களா? கழட்டுங்க. எனக்கொண்ணும் பந்தயம் வேணாம்” என்று சீறினேன்.

அவர் கழற்றியது டிரைவர் சீட்டின் போல்ட்டை. சீட்டை முன்னால் தள்ளி, திரும்ப முறுக்கி, ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

“பந்தயத்துல நுனியில உக்காந்து ஓட்டினா முதுகு போயிரும். நல்லாச் சாஞ்சு உக்காரு. இப்பக் கால் எட்டுதா பாரு.”