ஞாயிற்றுக்கிழமைக் கட்டம்

வடசென்னைக் கல்மண்டபத்தில் வேதமாணிக்கத்தின் மாடி வீட்டில், சனிக்கிழமை தோறும் மருமகள் நர்மதா தரையில் உட்கார்ந்து, கம்பியை மீட்டும் நகமளவு பிளாஸ்டிக் துண்டுகளான கிட்டார் பிக் அடுக்குவாள். அடுக்கி முடித்து, மாமனார் வாயால் ‘சரி’ என்ற சொல் வந்த பிறகுதான் அவளுக்குச் சோறு. மூன்று வருடத்தில் ஒரு சனிக்கிழமை தப்பியதில்லை. காய்ச்சல் கண்ட வாரத்தில்கூடப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

மொத்தம் ஏழு பிக். ஏழும் கறுப்பு. கனத்துக்கு ஒரு நிறமாகச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கடையில் கிடைக்கிறது. கண்ணால் பார்த்தே எது மெலிசு, எது தடி என்று சொல்லிவிடலாம். தேவாலயத்தில் கிட்டார் வாசிக்கிற வேதமாணிக்கத்துக்கு அது ஆகாது. “பீடத்துக்கு முன்னாடி ஆரஞ்சு முட்டாய் புட்சிகினு நிக்கச் சொல்றியா?” என்று கடைக்காரனைக் கேட்டுவிட்டு, ஒரே அச்சில் ஏழு கனத்திலும் கறுப்பாகவே வரவழைத்தார். கனத்தைச் சொல்லும் எண் வெள்ளை எழுத்தில் பொடிசாக இருந்தது. வியர்வை பட்டுப் பட்டு அது அழிந்து எத்தனையோ நாளாகிறது.

அவற்றை வைத்திருந்தது ஒரு மாத்திரைப் பெட்டியில். சர்க்கரை மாத்திரையைக் கிழமை தவறாமல் போட்டுக்கொள்ளும்படி டாக்டர் கொடுத்தது. ஏழு கட்டம், ஏழு மூடி, மூடிக்கு ஒரு கிழமை. “நான் இன்னா சீக்காளியா?” என்று மாத்திரையைத் தூக்கி அலமாரியில் எறிந்துவிட்டு, கட்டத்துக்குக் கட்டம் பஞ்சு விரித்து, கடல் காற்றின் ஈரத்துக்கு நாலு அரிசியும் போட்டு, பிக்கை அதில் குடியேற்றினார். திங்கட்கிழமைக் கட்டத்தில் இருப்பதிலேயே மெலிசு, காகிதம் போல வளைவது. பாட்டுக்குப் பின்னால் தாளமாக இழுத்து வாசிக்க. அடுத்தடுத்த கிழமைகளில் கனம் ஏறிக்கொண்டே போகும். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் பிக். அது வளையாது. ஒவ்வொரு சுரத்தையும் மணி அடித்த மாதிரி தனியாக எடுத்து வைக்கும்.

இந்த அடுக்கும் வேலை நர்மதாவுக்கு வந்த கதை இது. கல்யாணமான முதல் மாதம் வீடு பெருக்கும்போது கட்டிலடியில் கிடந்த பிக்கை உடைந்த சீப்புத் துண்டு என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டாள். வேதமாணிக்கம் அவளைத் தெருமுனைக் குப்பைத் தொட்டிக்கு அழைத்துப் போய், ஆட்டோ ஸ்டாண்டு முழுக்கப் பார்க்க, தோண்டி எடுக்க வைத்தார். அன்றைக்குச் சனிக்கிழமை. வீட்டுக்கு வந்ததும் ஏழையும் தரையில் கொட்டினார்.

“காசிமேட்டுல மீனு தரம் பிரிப்பீங்கல்ல? இதையும் பிரி. பேச்சு கூடாது. முட்சிட்டுத் துன்னு.”

அவருடைய மகன் ராசையா காசிமேட்டு மீனவர் வீட்டுப் பெண்ணைக் காதலித்துக் கட்டியவன். அவள் ஞானஸ்நானம் வாங்கினாள், வேதம் படித்தாள், வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். வேதமாணிக்கத்துக்கு அதெல்லாம் கணக்கில் சேரவில்லை. அவர் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் போர்மேனாக இருந்தவர். அவர் அப்பா காலத்திலிருந்து, கோயிலில் பாடகர் வரிசையின் வலப்பக்க முதல் நாற்காலி இந்த வீட்டுக்கு உரியது. அந்த நாற்காலியில் இருந்து பார்க்கும்போது மீன் கூடை தூக்கிய குடும்பம் மிகவும் தாழ்ந்துதான் தெரிந்தது.

நர்மதா கற்றுக்கொண்டாள். பிக்கைக் கட்டைவிரல் நகத்தில் ஊன்றி, வளைத்து, விடுவாள். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்திலேயே கிழமை தெரிந்துவிடும். முதலில் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக் கட்டத்தில் வைப்பாள். பிறகு மற்றவை.

வேதமாணிக்கம் ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்து, தலையாட்டி, ‘சரி’ என்பார்.

அந்தத் தடவல் இரண்டு வருடமாக வெறும் நடிப்பு. சர்க்கரை அவர் வலது கை விரல் நுனிகளின் உணர்ச்சியைத் தின்றுவிட்டிருந்தது. ஒரு நாள் காலையில் கொதிக்கும் காப்பி டம்ளரைப் பிடித்தபடியே செய்தித்தாள் படித்தார். தோல் வெளுத்துப் போன பிறகுதான் கண்ணில் பட்டது. யாரிடமும் சொல்லவில்லை. மெலிசான பிக் விரலில் இருக்கிறதா, திரும்பிவிட்டதா என்றே தெரியாது. வளையாத ஞாயிற்றுக்கிழமை பிக் ஒன்றைத்தான் கிடுக்கிப்பிடியாகப் பிடித்துச் சமாளித்து வந்தார். எல்லாப் பாட்டுக்கும் அதுவே. சபைக்குச் சந்தேகம் வந்தது.

“அய்யா, பிரதிஷ்டைப் பண்டிகைக்குப் பேராயர் வர்றாரு. தனி வாசிப்பு நீங்கதான். அது நல்லா அமைஞ்சா நாற்காலி உங்களுக்கே. இல்லேன்னா வயசுப் பசங்க வரிசையில நிக்கிறாங்க” என்றார் செயலாளர்.

“வந்து காது குடுத்துக் கேளு” என்றார் வேதமாணிக்கம். முதுகு ஒரு அங்குலம் வளையவில்லை. ஆனால் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா உட்கார்ந்த நாற்காலி. அது போனால் இந்தப் பேட்டையில் தன் வீடும் பத்தோடு பதினொன்று.

பண்டிகைக்கு முந்தின நாள் சனிக்கிழமை. ஏழு பிக்கும் தரையில். நர்மதா உட்காரப் போகும்போது வாசலில் அவள் அப்பா சுப்பராயன் வந்து நின்றார். விசைப்படகு ஓட்டுகிறவர். கையில் பையில் சங்கரா மீன்.

“சம்மந்தி, நல்லா கீறீங்களா? நாளிக்குப் பண்டிகையாமே. பாப்பா சொல்லிச்சு.”

“பண்டிகை எங்களுக்கு. உனக்கு இன்னா?”

சுப்பராயன் சிரித்து வைத்தார். “புள்ளைக்குக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“கை கழுவினியா?”

“கழுவிகினுதான் வந்தேன்.”

“எத்தினி சோப்பு கரைச்ச? இங்க வரைக்கும் வீசுது.”

உள்ளறையில் ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்த ராசையா டிவி சத்தத்தைக் கூட்டினான். அந்த வீட்டில் எப்போது பேச்சு தடித்தாலும் அவன் கை ரிமோட்டுக்குப் போகும்.

வாசலருகே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்காரச் சொல்ல ஆளில்லை. சுப்பராயன் நின்றபடியே மகளைப் பார்த்தார். அவர் காலருகில் ஒரு பிக் தெறித்து வந்து கிடந்தது. குனிந்து எடுத்து, இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார்.

“இந்தாங்க சம்மந்தி. இது ஒண்ணு இங்க வந்து கீது.”

வேதமாணிக்கம் கை நீட்டவில்லை.

“நர்மதா. அத வாங்கு. ஜன்னலாண்ட போயி வெளிய போடு.”

அவள் வாங்கினாள். விரல் பட்டதுமே அவள் முகம் மாறியது. “மாமா, இது வந்து...”

“அடுக்கும்போது பேச்சு கூடாதுன்னு சொல்லி கீறேன்ல?”

“இல்ல மாமா, இது எதுன்னு பாத்துட்டு...”

“எதுவா இருந்தா இன்னா? மீன் நாத்தம் புட்சது இந்தப் பெட்டியில போவாது. கோயில் சாமானு அது.”

சுப்பராயன் மெதுவாகச் சொன்னார்: “ஏசுசாமி கூட இருந்த பேதுருவும் வலை போட்டவருதானாமே சம்மந்தி. பாப்பா படிச்சுக் காட்டிச்சு.”

வேதமாணிக்கம் எழுந்து நின்றுவிட்டார். “எனக்கு வேதம் சொல்லித் தர்றியா நீ? போடுடி வெளிய!”

நர்மதா போட்டாள். கீழே துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. பதினெட்டுச் சக்கரத்துக்கு அடியில் ஒரு கறுப்புத் துண்டு என்ன சத்தம் போடும்?

“நான் வர்றேன் கண்ணு” என்றார் சுப்பராயன்.

“அந்தப் பையையும் எடுத்துகினு போ” என்றார் வேதமாணிக்கம்.

அவள் திரும்ப உட்கார்ந்து ஆறையும் அடுக்கினாள். ஒரு கட்டம் காலியாக நின்றது. போனது நடுவில் உள்ள ஏதோ ஒன்று என்றுதான் வேதமாணிக்கம் நினைத்தார்; எந்தக் கட்டம் என்று எட்டிப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையை அவள் முதலிலேயே எடுத்து வைத்துவிடுவாள். அது மூன்று வருடப் பழக்கம். அன்றைக்கு அவள் உட்காருவதற்கு முன்பே அப்பா வந்துவிட்டார் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

“பேராயர் முன்னாடி ஓட்டைப் பல்லு மாதிரி பெட்டி தொறக்கணுமா? டிராயர்ல ஒண்ணு உபரி கீது. எடுத்துப் போடு.”

“மாமா, அது மெலிசு. அத இந்தக் கட்டத்துல...”

“கறுப்பா கீதா?”

“கீது.”

“அப்ப போட்டுட்டு வாய மூடு.”

அவள் போட்டாள். வாயை மூடினாள். அவர் ஏழையும் தடவி, ‘சரி’ என்றார்.

மறுநாள் கோயிலில் நிற்க இடமில்லை. வேதமாணிக்கம் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வலப்பக்க முதல் நாற்காலியில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க மாத்திரைப் பெட்டியைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை மூடி. கறுப்பு பிக். கிடுக்கிப்பிடி. பேராயர் கண்ணை மூடிக் காத்திருந்தார்.

முதல் சுரம் மணியாக விழவில்லை. ‘சளப்’ என்று ஈரத்துணி மாதிரி விழுந்தது. கம்பிதான் தளர்ந்துவிட்டதோ என்று அழுத்தி அடித்தார். இன்னும் சளப். முன் வரிசையில் ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். வேதமாணிக்கம் விடவில்லை. கைக்கு இருந்த முழு வேகத்தோடு இழுத்தார். பிக் வளைந்து, திரும்பி, நழுவி, கிட்டாரின் வாய்க்குள் விழுந்து ஒரு முறை கிலுகிலுத்தது. அதை எல்லோரும் கேட்டார்கள். அவர் கேட்கவில்லை. வெறும் விரல் நுனியால் வாசித்துக்கொண்டே போனார். நகம் பிய்ந்து, ரத்தம் கம்பியில் தெறித்து, சட்டை முன்பக்கத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தது. பெண்கள் பக்கத்தில் மூன்றாம் வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த நர்மதா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாடகர் குழுவை நடத்தும் ஜானட், எதிர்வீட்டுக்காரி, ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். “அய்யா, விரலு! ரத்தம்!” அது மைக்கில் விழுந்து கோயில் முழுக்கக் கேட்டது.

அவர் கையைப் பார்த்தார். அந்தக் கணத்திலும் மூளை வேலை செய்தது. “கம்பி கிழிச்சிடுச்சும்மா” என்றார் நிமிர்ந்து. “புதுக் கம்பி.”

சபை நம்பியது. ரத்தம் சிந்தியும் நிறுத்தவில்லையே என்று சிலர் உச்சுக் கொட்டினார்கள். “விரல் ஆறட்டும் அய்யா. கிறிஸ்துமசுக்குப் பாத்துக்கலாம்” என்றார் செயலாளர். நாற்காலி போகவில்லை; நூலில் தொங்கியது.

அடுத்த சனிக்கிழமை. விரலில் கட்டோடு வேதமாணிக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கும் வாசனை வந்தது. அந்த வீட்டில் நர்மதா யாரையும் கேட்காமல் மீன் வாங்கிச் சமைத்தது அதுதான் முதல் தடவை. அவள் பெட்டியோடு வந்தாள். உட்காரவில்லை. மூடிகளைத் திறந்து, பஞ்சு, அரிசியோடு ஏழையும் அவர் காலடியில் கொட்டினாள்.

“அடுக்குங்க மாமா.”

“இன்னாடி சொன்ன?”

“ஏழு கீது. ஞாயித்துக்கிழமை புதுசா வாங்கியாந்தேன். எதுன்னு எடுங்க பாப்போம்.”

“ராசையா!”

உள்ளே டிவி சத்தம் கூடியது.

“போன ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை புதனையும் வெள்ளியையும் மாத்தி வச்சேன். தடவிட்டு சரின்னீங்க. அடுத்த வாரம் இன்னும் ரெண்டு கட்டத்த மாத்துனேன். அதுக்கும் சரின்னீங்க. டம்ளரு சுட்டதும் பாத்தேன்.” அவள் குரல் உயரவேயில்லை. “எங்க நைனா குடுத்தாரே, அதுதான் ஞாயித்துக்கிழமை. ரெண்டு வாட்டி சொல்ல வந்தேன்.”

வேதமாணிக்கம் கட்டுப் போட்ட விரலை வாசலுக்கு நீட்டினார். “வூட்ட வுட்டு வெளிய போ.”

“போறேன். போவும்போது எதிர் வூட்டு ஜானட் அக்காவாண்ட விரலப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லிட்டுப் போறேன். கிறிஸ்துமசுக்கு உங்கள எதிர்பாக்க வேணாம்னு.” வாசற்கதவைக் காட்டினாள். அது திறந்தே கிடந்தது. “இல்லேன்னா அடுக்குங்க. அடுக்கினாதான் சோறு.”

வேதமாணிக்கம் எழுந்தார். நேராக வாசலுக்கு நடந்தார். அவர் கீழே இறங்கிப் போய்விடுவார் என்றுதான் நர்மதா நினைத்தாள். அவர் படியை எட்டிப் பார்த்தார், எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தார், கதவைச் சாத்தி, மேல் தாழும் கீழ்த் தாழும் போட்டார். பிறகு திரும்பி வந்து, முழங்காலை மடித்து, தரையில் உட்கார்ந்தார்.

ஒவ்வொன்றாக எடுத்து நகத்தில் ஊன்றினார். விரலில் ஒன்றும் உறைக்கவில்லை. டிவி சத்தத்தில் காதுக்கும் எட்டவில்லை. தோன்றியபடி கட்டத்தில் போட்டார். ஏழு மூடியையும் மூடினார்.

நர்மதா திறந்து பார்த்தாள். நகத்தில் ஊன்றி ஊன்றி, டிக், டிக் என்று ஏழையும் சோதித்தாள்.

“அஞ்சு தப்பு” என்று சொல்லித் திரும்பக் கொட்டினாள். ஒன்று கட்டிலடிக்குப் போனது. அவர் மண்டியிட்டுக் கையை விட்டுத் துழாவினார். கையில் பட்டும் பட்டது தெரியாமல் அதைத் தாண்டித் தாண்டித் தேடினார். அவள் உதவவில்லை; இடமும் சொல்லவில்லை.

கதவு தட்டப்பட்டது. ஜானட்.

“அய்யா, கதவு இன்னா இந்நேரத்துக்கே சாத்தி கீது? விரலு இப்ப எப்டி?”

நர்மதா அவரைப் பார்த்தாள்.

கட்டிலடியிலிருந்து தலையை வெளியே எடுத்து, தரையில் மண்டியிட்டபடியே முதுகை நிமிர்த்திக்கொண்டு, துறைமுகத்தில் கிரேனுக்குக் குரல் கொடுத்த அதே தொண்டையில் வேதமாணிக்கம் சொன்னார்: “நல்லா கீதும்மா! சாப்டுகினு கீறோம். அப்புறமா வா!”

ஜானட்டின் செருப்புச் சத்தம் படியில் இறங்கி ஓய்ந்தது. அவர் திரும்பவும் குனிந்தார்.