எட்டாம் நம்பர் கால்

பந்து உதைக்கிற ஷூவை வடிவமைப்பதுதான் என் வேலை. இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறேன். இதுவரை ஒரு பந்தைக்கூட உதைத்ததில்லை. சில மனிதர்களை உதைக்கலாம் என்று தோன்றியிருக்கிறது. அந்தப் பட்டியலில் முதல் ஆள் எங்கள் மேனேஜர்.

"கால நல்லா இறுக்கிப் பிடிக்கணும்மா, ஆனா இறுக்கமே தெரியக்கூடாதாம்" என்று ஒரு நாள் வந்து நிற்பார். மறுநாள், "எடை குறையணும், ஆனா கையில வாங்கினா கனமா இருக்கணும்னு கேக்கறாங்க" என்பார். சரி சார் என்று தலையாட்டிவிட்டு, அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டுவேன். கேட்பதற்கு அந்த அறையில் ஆள் கிடையாது. சுவர் அலமாரி முழுக்க லாஸ்ட்டுகள் மட்டும் அடுக்கியிருக்கும். லாஸ்ட் என்பது கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த பொய்க்கால். அதன்மேல்தான் ஷூவை இழுத்துப் பிடித்து, ஆணியடித்து, ஒட்டுவோம்.

இந்த வருடம் ஒரே ஷூவைப் பதின்மூன்று தடவை செய்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் வாங்குகிற கம்பெனி அதைத் தன் ஆட்டக்காரர்கள் காலில் மாட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியது. சுண்டுவிரல் நசுங்குகிறதாம். குதிகால் உரசுகிறதாம். நடுப்பாதத்தில் பிடிப்பே இல்லையாம். எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. காலையில் எழுந்திருக்கும்போதே களைத்துப்போய்த்தான் எழுந்திருக்கிறேன். பல் துலக்கும்போது சுண்டுவிரல் ஞாபகம், பஸ்ஸில் உட்கார்ந்தால் குதிகால் ஞாபகம். எதிர் இருக்கையில் வந்தவர்களின் முகம் ஒன்றுகூட மனதில் நிற்பதில்லை; பாதம் மட்டும் நிற்கிறது.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். பதின்மூன்றும் எங்கள் வாசலைத் தாண்டும்போது கச்சிதமாகத்தான் இருந்தன. எட்டாம் நம்பர் போட்டுப் பார்த்து, நல்லாருக்கு என்று சொல்லாமல் இங்கிருந்து ஒரு ஜோடியும் வெளியே போகாது.

எட்டாம் நம்பர் என்பது என் அண்ணன்.

என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவன். பேக்கிங்கில் பெட்டி ஒட்டுகிற வேலை. ஆனால் அவன் கால் அளவு எட்டு. நூல் பிசகாத எட்டு. நாங்கள் சாம்பிள் எல்லாவற்றையும் எட்டாம் அளவில்தான் செய்வோம். பதினைந்து வருடம் முன்பு, போட்டுப் பார்க்க ஒரு கால் வேண்டும் என்று தேடியபோது நான்தான் அவனை இழுத்துக்கொண்டு வந்தேன். அப்போது கிளப்பில் பந்தாடிக்கொண்டிருந்தான். முதல் நாளே ஒரு ஷூவைப் போட்டு நாலு உதை உதைத்துவிட்டு, "கட்டைவிரலுக்குப் பின்னாடி, உள்பக்கம், ஒரு நூல் முடிச்சு நிக்குது பாரு" என்றான். பிரித்துப் பார்த்தோம். கடுகைவிடச் சின்னதாக ஒரு முடிச்சு இருந்தது. அன்றிலிருந்து அவன் பெயரே எட்டாம் நம்பர் என்று ஆகிவிட்டது.

தினமும் பதினோரு மணிக்கு வருவான். செருப்பைக் கழற்றிப் போட்டு, சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு, சாம்பிளை மாட்டுவான். என் ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில், சுவரில் வெள்ளைப் பெயின்டால் கோல் மாதிரி ஒரு சட்டம் வரைந்திருக்கிறது. அதைப் பார்த்து நாற்பது உதை. எண்ணித்தான் உதைப்பான். பிறகு உள்ளே வந்து சொல்வான், ஷூ காலில் எப்படி உட்கார்கிறது என்று குறிக்கிற ஃபிட் ஷீட்டில் நான் எழுதுவேன். டிவியில் மேட்ச் ஓடும்போது அண்ணி கூப்பிட்டால்கூடத் திரும்ப மாட்டான். எவனாவது எங்கள் ஷூவோடு கோல் அடித்துவிட்டால் போதும், "பாத்தியா, அடிச்சது யாரு? என் காலு" என்று தொடையைத் தட்டுவான். அப்படி ஒரு பெருமை அவனுக்கு. வாழ்க்கையில் அவன் பெருமைப்பட்ட விஷயம் வேறு ஏதாவது உண்டா என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை மேனேஜர் வந்தார்.

"நம்ம எட்டாம் நம்பருக்கு என்னம்மா ஆச்சு? எதக் குடுத்தாலும் நல்லாருக்குங்கறார். அங்க போனா எவனும் போட மாட்டேங்கறான்."

"காலுக்கு வாயா சார் இருக்கு, பொய் சொல்ல? அவங்க பசங்களுக்குத்தான் பாதத்துல பஞ்சு வச்சுத் தைக்கணும் போலிருக்கு."

"உன் அண்ணன்னு பேசாதே. பதினாலாவதும் திரும்பி வந்துச்சுன்னா வேற காலைப் பாத்துக்கலாம். சொல்லிட்டேன்."

அண்ணனிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருந்தது. பேக்கிங்கில் எந்தச் செய்தியும் டீ ஆறுவதற்குள் வந்து சேர்ந்துவிடும்.

பதினான்காவது ஜோடியை நானே என் கையால் செய்தேன். சாம்பிள் தைக்கிறவர் முதுகுவலி என்று ஒரு வாரம் லீவு. லாஸ்ட்டின் அடியில் உள்அட்டையை வைத்து, முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என்று மூன்று சின்ன ஆணி அடித்து நிறுத்த வேண்டும். மேல்தோலை இழுத்து ஒட்டியபிறகு அந்த மூன்றையும் குறட்டால் பிடுங்கிவிட்டுத்தான் அடிப்பாகத்தை ஒட்டுவோம். பிடுங்க மறந்தால் போச்சு. லாஸ்ட்டை உருவியதும் ஆணியின் கூர் ஷூவுக்குள்ளே மேல்நோக்கி நின்றுகொண்டிருக்கும். அதனால்தான் எங்களிடம் ஒரு கட்டாயப் பழக்கம். எந்தச் சாம்பிளையும் முதலில் உள்ளே கை விட்டுத் தடவிப் பார்க்காமல் யார் காலுக்கும் கொடுக்க மாட்டோம். இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

அன்றைக்குத் தவறினேன். அசதிதான் காரணம், வேறு சாக்கு எதுவும் இல்லை. இடது ஷூவில் இரண்டு ஆணியைப் பிடுங்கினேன், மேனேஜர் போனில் கூப்பிட்டார், பேசிவிட்டு வந்து அடிப்பாகத்தை ஒட்டிவிட்டேன். பதினோரு மணிக்கு அண்ணன் வந்து நின்றபோது அப்படியே எடுத்து நீட்டினேன்.

"என்ன வாயாடி, இன்னிக்கு சத்தத்தையே காணோம்?" என்றான்.

"போட்டுட்டுப் போய் உதை. பேச எனக்குத் தெம்பில்ல."

ஜன்னல் வழியாகப் பந்து சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது. நான் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு எண்ணினேன். நாற்பது. ஒன்று குறையவில்லை. உள்ளே வந்தான். வழக்கம்போல என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"வெண்ணெய் மாதிரி இருக்கு" என்றான். "இது போதும். இதுக்கு மேல நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்."

அந்த வார்த்தை எவ்வளவு இதமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அவன் சாக்ஸோடு செருப்பை மாட்டிக்கொண்டு பேக்கிங்குக்குப் போனான். நான் ஷீட்டில் "எங்கும் உறுத்தல் இல்லை" என்று எழுதினேன். இரண்டு மணிக்குப் பார்சல் போக வேண்டும். பாதம் எங்கெங்கே அழுந்தியிருக்கிறது என்று பார்ப்பதற்காக இடது ஷூவுக்குள் கை விட்டேன்.

"அம்மா!" என்று அலறிவிட்டேன். நடுவிரல் நுனியில் சுருக்கென்று ஏறியிருந்தது. கையை வெளியே எடுத்தால் விரலில் மட்டும் இல்லை, உள்ளங்கை முழுக்க ரத்தம். ஒரு குத்துக்கு அவ்வளவு வராது.

தொட்ட மாத்திரத்தில் நான் கத்தினேன். அவன் அதன்மேல் நின்று நாற்பது உதை உதைத்திருக்கிறான். வெண்ணெய் மாதிரி இருக்கு என்று சொல்லியிருக்கிறான்.

பேக்கிங்குக்கு ஓடினேன். அவன் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டு நின்றான். அவன் நின்ற இடத்தைச் சுற்றிச் சிமெண்ட் தரையில் இடது செருப்பின் தடம் சிவப்பாக ஐந்தாறு இடத்தில் பதிந்திருந்தது. அவன் அதைப் பார்க்கவே இல்லை.

"அண்ணா, வா என்கூட."

"இரு, இந்த லாட்ட முடிச்சிட்டு…"

"வான்னா வா!"

என் அறையில் ஸ்டூலில் உட்காரவைத்து சாக்ஸை உருவினேன். பாதத்தின் நடுவில் சதை கிழிந்து தொங்கியது. அவன் குனிந்து பார்த்தான். வேறு யார் காலையோ பார்க்கிறமாதிரி பார்த்தான். பிறகு அவசரமாக, "ஆமாமா, லேசா குத்திச்சு, நான்தான் சொல்லல" என்றான்.

"லேசாவா?"

"சின்ன விஷயத்துக்கு ஏன் கத்தறே? துணியக் கட்டி விடு. ஷீட்டுல நல்லாருக்குன்னே இருக்கட்டும். ஆணிய எடுத்துட்டா ஷூ நல்ல ஷூதான்."

அவனுக்குச் சர்க்கரை இருப்பது எனக்குத் தெரியும். மாத்திரை சாப்பிடுகிறான், சப்பென்று டீ குடித்து முகத்தைச் சுளிக்கிறான். என் அறிவு அந்த அளவோடு நின்றுவிட்டிருந்தது. ஊரில் உள்ளவர்களின் காலையெல்லாம் பஸ்ஸில் பார்த்துக்கொண்டு போகிற எனக்கு.

காயத்தைக் கழுவி, சுத்தமான துணியை இறுக்கிக் கட்டினேன். பிறகு, "கண்ண மூடு" என்றேன்.

"எதுக்கு?"

"மூடுன்னு சொன்னேன். நான் எங்க தொடறேன்னு சொல்லு."

"சின்னப் பிள்ளை விளையாட்டு" என்று சிரித்துக்கொண்டே மூடினான். நான் தரையில் உட்கார்ந்து, அடிபடாத வலது காலை மடியில் எடுத்து வைத்து, விரல்கள் மொத்தத்தையும் இரண்டு கையாலும் பிடித்தேன். அழுத்தினேன். கட்டைவிரலை நகத்தால் கிள்ளினேன். அவன் முகத்தை நிமிர்த்திக் காத்துக்கொண்டிருந்தான்.

"என்ன, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றான்.

அவன் கண்ணைத் திறந்தான். என் கைகளைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே போய்விட்டது.

"எவ்ளோ நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும். மொதல்ல மரத்த மாதிரி இருந்துச்சு. சரியாயிடும்னு நெனச்சேன்."

"அப்ப இந்த ஷூவுக்கெல்லாம்? பதிமூணுக்கும்? எத வச்சு நல்லாருக்குன்னே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "உன் மூஞ்சியப் பாத்துதான்."

"என்னது?"

"நீ தெம்பா இருந்தா, குதிகால்ல லேசா உரசுது, சுண்டுவிரல்ல இடிக்குதுன்னு எதையாவது சொல்லுவேன். நீயும் சந்தோசமா உக்காந்து சரி பண்ணுவே. ரொம்பக் களைச்சுப் போயிருந்தியானா நல்லாருக்குன்னுடுவேன். இந்த வருஷம் நீ எப்பப் பாத்தாலும் களைச்சுப் போய்த்தானே இருந்தே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவன் தலையில் லாஸ்ட்டால் ஒன்று போடலாம் போல இருந்தது. என் தலையிலும் ஒன்று. இல்லாத இடத்தில் எல்லாம் உரசுகிறது என்று அவன் சொல்ல, நான் அரை மில்லிமீட்டர் சீவி, அரை மில்லிமீட்டர் ஒட்டி, ஒரு வருடமாக என் சொந்த முகத்துக்கு ஷூ தைத்திருக்கிறேன்.

"எழுதிடாதே" என்றான் மெதுவாக. "இந்த ஒண்ண மட்டும் விட்டுடு. காலு போயிடுச்சுன்னா அப்புறம் நான் பெட்டி ஒட்டறவன்தான்."

"எழுதலன்னா நெஜமாவே காலு போயிடும், மடையா!" என்று கத்தினேன். அண்ணனை நான் மடையன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

எழுதியதை அடித்தேன். கீழே புதிதாக எழுதினேன்: அணிந்து பார்த்தவருக்குப் பாதத்தில் உணர்வு இல்லை. ஒரு வருடமாக அனுப்பிய குறிப்புகள் எதுவும் செல்லாது. ஆணியை எடுக்காமல் விட்டது நான். கையெழுத்துப் போட்டேன்.

என் கத்தல் கேட்டு மேனேஜர் வந்துவிட்டார். தரையில் கிடந்த சாக்ஸைப் பார்த்தார், ஷீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி, யாரிடம் சொல்கிறோம் என்று யோசிக்காமல், "வேற கால் பாக்கணும் இனிமே" என்றார்.

"பாருங்க சார்" என்றான் அண்ணன். "விரல் மட்டும் அகலமா இருக்கற ஆளா வேண்டாம். நாள் முழுக்க நிக்கற ஆளையும் சாயங்காலத்துல போடச் சொல்லாதீங்க, வீங்கியிருக்கும்."

மேனேஜர் தலையாட்டிவிட்டுப் போனார். அண்ணன் அவர் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் துணிக்கட்டுமாக, முற்றத்தைக் கடந்து கேட்டுக்கு நடந்தான். வெயிலில் வெள்ளைச் சட்டத்துக்குள் பந்து பட்ட கறைகள் தெரிந்தன. ஆட்டோ வரும்வரை சுவர் ஓரமாக நின்றோம்.

"அந்தப் பதினாலாவது" என்றான். "அது நெஜமாவே எப்படி இருந்துச்சு?"

"யாருக்குத் தெரியும்? போட்டுப் பாக்கத்தான் ஆளே இல்லையே" என்று எரிந்து விழத்தான் வாயைத் திறந்தேன். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தான்.

"நல்லாருந்துச்சு" என்றான்.