எஞ்சினுக்குப் போக மீதி

மலைப்பாதையில் எஞ்சின் தண்ணீர் குடிப்பதற்கென்றே இருந்த ஸ்டேஷன் அது. ஊற்றுநீர் இரவெல்லாம் சொட்டிச் சொட்டி ஒரு தொட்டியில் நிறையும். காலை வண்டி வந்து மொத்தத்தையும் உறிஞ்சிக்கொண்டு மேலே போகும். அடியில் மிஞ்சும் கலங்கல்தான் ஸ்டேஷன் மாஸ்டரின் குவார்ட்டர்ஸுக்கு. மழைக்காலத்தில் இது பெரிதாகத் தெரியாது. இந்தக் கோடையில் மாஸ்டரின் மனைவிக்கு வயிறு எரிந்தது.

மகள் பிள்ளை பெற்று வந்திருந்தாள். குழந்தைத் துணியை அலசக்கூட நல்ல தண்ணீர் இல்லை. பச்சை உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து, குழந்தை ராப்பகலாக வீறிட்டு அழுதது. "இன்னிக்கு ரெண்டு குடம் விட்டு வைக்கிறேன், போதுமா?" என்று மாஸ்டர் விடியற்காலையில் பேரன் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார்.

அதை நம்பி மனைவியும் இரண்டு குடத்தோடு பிளாட்பாரத்தில் நின்றாள். எஞ்சினுக்குள் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. தொட்டியில் பாசி தெரிய ஆரம்பித்தது. மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாரே தவிர அவளைப் பார்க்கவில்லை. சரியான கல்லுளிமங்கன். அவளே போய் வால்வைத் திருகி மூடினாள்.

"ஏய், என்ன பண்றே? எல்லாரும் பாக்கறாங்க!"

"பாக்கட்டும். ரெண்டு குடம்னு நீங்க சொன்னீங்களா இல்லையா?"

டிரைவர் எஞ்சினிலிருந்து தலையை நீட்டினார். "எடுத்துக்கட்டும் சார். ரெண்டு குடம் குறைஞ்சா எஞ்சின் ஒண்ணும் விக்கிச் செத்துடாது."

வண்டி ஓட்டுகிறவரே சொல்லிவிட்டார். ஆனால் மாஸ்டருக்குக் குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாதே! "எஞ்சின் தொட்டி நிரம்பாம வண்டி கிளம்பக் கூடாது. ரூல்னா ரூல்" என்று அவள் கையைத் தட்டிவிட்டு வால்வை மறுபடி திறந்தார். இருந்ததெல்லாம் போனது. பெட்டியிலிருந்து யாரோ சிரித்தார்கள்.

அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமாக ஸ்டேஷன் மாஸ்டருக்கு வாழ்க்கைப்பட்டதாக நினைத்திருந்தாள்; வந்து சேர்ந்ததோ எஞ்சினுக்குச் சக்களத்தியாக. குடங்களை அவர் காலடியில் நங்கென்று வைத்தாள். வீட்டுக்குள் போய், மகளும் குழந்தையும் ஒரு துணிமூட்டையுமாகத் திரும்பி வந்து கடைசிப் பெட்டியில் ஏறினாள். மேலே தம்பி வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும்.

மாஸ்டர் ஓடி வந்தார். "எங்கே போறே?"

"தண்ணி இருக்கிற எடத்துக்கு."

"எப்ப வருவே?"

அவள் துணிமூட்டையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டிரைவர் ஊதினார். மாஸ்டர் பச்சைக்கொடியைச் சுருட்டியபடியே பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கொடி காட்டாமல் வண்டி நகராது. அவள் பிரசவ வலியில் துடித்த அன்றுகூட வண்டியை ஒரு நிமிஷம் நிறுத்தி வைக்காத மனுஷன்! டிரைவர் மறுபடி ஊதினார். கொடி எழவில்லை.

அவள் ஜன்னலில் தலையை விட்டுக் கத்தினாள்: "ஆட்டுங்க! அதான் எஞ்சினுக்கு வயிறு நிரம்பிடுச்சே!"

மாஸ்டர் ஆட்டினார்.